துண்டை விலக்கிப் பேசுங்க பாஸ்!

காட்சி ஒண்ணு: மாட்டுச் சந்தை. உங்க அப்பா ஒரு கறவை மாட்டுக்கு முன்னாடி நிக்கிறார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். மடியைத் தடவுறார். பத்தடி நடக்க விட்டுப் பார்க்கிறார். ‘சுழி சரியில்லையே’ன்னு உதட்டைப் பிதுக்குறார். அப்புறம் துண்டுக்குள்ள கையை விட்டு, தரகரோட விரலைப் பிடிச்சே விலை பேசுறார். முக்கால் மணி நேரம்! ஐந்நூறு ரூபாய்க்காக ரெண்டு தடவை கோபமா எழுந்து போற மாதிரி ஆக்ட் வேற. கடைசியில அவர் நெனச்ச விலைக்கே மாடு வீட்டுக்கு வந்துடுது. சிவாஜி தோத்தார் போங்க!

காட்சி ரெண்டு: கள்ளக்குறிச்சியில ஒரு பைக் ஷோரூம். அதே அப்பா. கண்ணாடிக் கதவு, ஏ.சி. காத்து. செருப்பை வெளியே விடணுமோன்னு ஒரு சின்னத் தயக்கம். டை கட்டின ஒருத்தர் வந்து, “ஆன்-ரோடு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் வருதுங்க ஐயா”ன்னு சொல்றார். அப்பா உங்க முகத்தைப் பார்க்கிறார். நீங்க பைக்கையே பார்த்துட்டு நிக்கிறீங்க. “பையனுக்குப் பிடிச்சிருக்கு... போட்டுடுங்க சார்.” பேரம் ஓவர். மொத்தமே ஒன்றரை நிமிஷம்!

மாட்டுக்கு முக்கால் மணி நேரம் பேசின மனுஷன், பைக்குக்கு ஏன் வாயே திறக்கலை? அப்பாவுக்குப் பேரம் பேசத் தெரியாமல் இல்லை. மாட்டுக்குப் பல் எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரியும். பைக்குக்கு எங்கே இருக்குன்னு தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அதைக் காட்டிக் கொடுக்க வேண்டிய ஆள், காலேஜ் வரைக்கும் வந்துட்ட நீங்கதான்.

கல்வராயன் மலையில வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து கீழே இறங்கிப் படிக்கிற பசங்களுக்கு பைக் என்பது பந்தா இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டா அன்னிக்கு வகுப்பு போச்சு. வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலைன்னா அதுதான் ஆம்புலன்ஸ். சந்தைக்கு மூட்டை ஏத்திட்டு வர்றதும் அதுவேதான். அந்த பைக்குக்கான பணம் எங்கிருந்து வருது? மரவள்ளி போட்ட பணம், கரும்பு வெட்டின பணம், கடுக்காய் பொறுக்கின பணம், சில வீட்டுல அம்மா கழுத்துல இருந்து கழட்டின பணம். மரவள்ளிக்கு ‘பாயின்ட்’ பார்த்து மாவுச்சத்தை அளந்து, காசு காசாக் கொடுத்த பணத்தை, ஷோரூம்ல மட்டும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாமா?

(‘எனக்கு பைக் வேணாம், மலைக்கு நாலு சக்கர ஏ.டி.வி.தான் கெத்து’ன்னு கனவு காணும் கண்மணிகளே... அது பெரும்பாலும் ரிசார்ட், பண்ணை மாதிரி தனியார் இடத்துல ஓட்டுறதுக்காக விக்கிற வண்டி. பைக் மாதிரி நம்பர் பிளேட் மாட்டி காலேஜுக்கு ஓட்டிட்டு வர்ற கதை இல்லை. விலையும் லட்சங்கள்ல. அதனால ரெண்டு சக்கரத்துக்கே வருவோம்.)

துண்டுக்குள்ள என்ன இருக்கு?

சந்தையில துண்டு போர்த்தித்தான் விலை பேசுவாங்க. சுத்தி நிக்கிறவங்களுக்கு விலை தெரியக் கூடாது. ஷோரூம்லயும் ஒரு துண்டு உண்டு. அதுக்குப் பேர் ‘ஆன்-ரோடு விலை’. இங்கே ஒரே ஒரு வித்தியாசம். துண்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதது சுத்தி நிக்கிறவங்களுக்கு இல்லை, வாங்குற நமக்கு!

“ஒண்ணு ஒன்பதை ஒண்ணு எட்டு ஆக்குங்கண்ணா”ன்னு கெஞ்சுறது துண்டுக்கு மேல பேசுற பேரம். அவரும் யோசிக்கிற மாதிரி யோசிச்சு ஆயிரத்தைக் குறைப்பார். நீங்களும் ஜெயிச்ச சந்தோஷத்துல வெளியே வருவீங்க. நிஜமான பேரம் வேற. ‘கொட்டேஷனை வரி வரியா எழுதிக் கொடுங்கண்ணா’ன்னு கேட்கிறதுதான் அது. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, இதை வச்சுக்குங்க.

அந்தக் காகிதம் கைக்கு வந்ததும், பேனா எடுத்து மூணு பிரிவா பிரிங்க.

முதல் பிரிவு, ‘அசையாது’. எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனி வெளியிடுற விலை. ஜி.எஸ்.டி. அதுக்குள்ளேயே இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. (350-க்கு மேல போனா 40 சதவீதம். புல்லட் காதலர்கள் சிசி-யைப் பார்த்துக் காதலிக்கவும்!) பழைய விலைப் பட்டியலைக் காட்டி யாராவது கணக்கு போட்டா, தேதியைக் கேளுங்க. அடுத்து ஆயுட்கால வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர் முதல், 1 லட்ச ரூபாய் வரைக்குமான புது டூவீலருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம். பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். கடன்ல வாங்கினா, அந்தக் கடனை ஆர்.சி.யில பதிய இன்னொரு 500 ரூபாய். இதுல எல்லாம் பேரம் பேசினா எதிர்ல இருக்கிறவர் சிரிப்பார். ஆனா தொகை சரியான்னு பெருக்கிப் பார்க்கிறது உங்க உரிமை.

ரெண்டாவது பிரிவு, ‘பாதி அசையும்’. அதுதான் இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவு. இதோட பிரீமியம் அரசு நிர்ணயிச்சது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி 75-க்கு மேல் 150 சிசி வரை 5 வருஷத்துக்கும் சேர்த்து 3,851 ரூபாய். 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். இதோட ஜி.எஸ்.டி. சேரும். இந்தத் தொகை எந்தக் கம்பெனியில போட்டாலும் ஒண்ணுதான்.

ஆனா, நம்ம வண்டிக்கே ஏற்படுற சேதத்துக்கான காப்பீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை 5 வருஷத்துக்கு எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. ஒரு வருஷம் எடுத்து அப்புறம் புதுப்பிக்கலாம். அதோட தலையில ‘ஆட்-ஆன்’னு நாலஞ்சு ஐட்டம் ஏத்தியிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ‘இது எதுக்கு?’ன்னு கேளுங்க. மழைக்கால மலைப்பாதையில தினமும் ஓட்டுற ஆளுக்கு ஒண்ணு ரெண்டு நிஜமாவே பயன்படலாம். எல்லாமே பயன்படாது. முக்கியமா, ‘இன்ஷூரன்ஸ் எங்ககிட்டதான் எடுக்கணும்’னு ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. வெளியில ஒரு விலை விசாரிச்சுட்டுப் போய் அதைச் சொல்லிப் பாருங்க. அங்கேயே குறைய வாய்ப்பு அதிகம்.

மூணாவது பிரிவு, ‘நல்லா அசையும்’. ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், இன்சிடென்டல், ஆக்சஸரீஸ் கிட், நீட்டிக்கப்பட்ட வாரன்ட்டி, டெஃப்லான் கோட்டிங்... பேரைக் கேட்டாலே ஏதோ ஆபரேஷன் தியேட்டர் பில் மாதிரி இருக்கா? இதுதான் நம்ம மைதானம்.

ஒரு குட்டிக் கணக்கு

உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. ரொக்கத்துக்கு வாங்குற 125 சிசி பைக், எக்ஸ்-ஷோரூம் 85,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஆயுட்கால வரி 8,500. அஞ்சு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு ஜி.எஸ்.டி.யோட சுமார் 4,550. பதிவு, கார்டு 500. சாலைப் பாதுகாப்பு வரி மாதிரி சில்லறைகளையும் சேர்த்தா சுமார் 99,000. அவர் சொன்னது 1,09,000. அப்போ மீதி 10,000 ரூபாய்தான் நிஜமான ஆட்டம். ‘ஒண்ணு ஒன்பதுல எவ்வளவு குறைப்பீங்க?’ன்னு கேட்கிறதை விட, ‘இந்தப் பத்தாயிரம் எதுக்கு?’ன்னு கேட்கிறது பத்து மடங்கு பவர்ஃபுல். பத்தாயிரமும் காணாமப் போயிடாது. சொந்தச் சேதக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் அதுக்குள்ளதான் இருக்கு. மத்ததைப் பத்திப் பேசலாம்.

அந்த மீதியில தேட வேண்டிய மூணு பொருள்:

ஹெல்மெட். டூவீலர் விக்கும்போது தரச்சான்று உள்ள ஹெல்மெட்டைத் தயாரிப்பாளரே தரணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்லுது. ‘ஹெல்மெட் ஃப்ரீ தர்றோம் தம்பி’ன்னு அவங்க சொன்னா, அது சலுகை இல்லை, உங்க உரிமை. பேரத்துல அதைக் கழிச்சுக்க விடாதீங்க.

சேலை கார்டு, பின்னாடி உட்கார்றவங்களுக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட். இந்த மூணும் இல்லாம பைக் தயாரிக்கவே கூடாதுன்னு அதே விதிகள்ல 123 சொல்லுது. ஆக்சஸரீஸ் கிட்ல இதுக்குக் காசு போட்டிருந்தா, விதி நம்பரைச் சொல்லி சிரிச்சுக்கிட்டே கேளுங்க.

ஹேண்ட்லிங் சார்ஜ். வண்டியை விக்கிற இடத்துல வச்சிருந்ததுக்கு வாங்குறவன் ஏன் தனியாக் காசு தரணும்? ‘இதுக்கு ரசீது தருவீங்களாண்ணா?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ரசீதுல எழுத முடியாத காசு, பெரும்பாலும் கொட்டேஷன்லயும் நிக்காது.

பல்லைப் பிடிச்சுப் பாரு

மாட்டுக்கு வயசு பல்லுல. பைக்குக்கு வயசு ஃபாரம் 21-ல! விற்பனைச் சான்றிதழான அந்தக் காகிதத்துல வண்டி தயாரான மாசமும் வருஷமும் இருக்கும். நவம்பர்ல வாங்குற வண்டி பிப்ரவரியில பொறந்ததா இருந்தா, ஒன்பது மாசம் குடோன்ல நின்ன வண்டி. நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்குறவர் பார்க்கப் போறது தயாரிப்பு வருஷத்தைத்தான். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே, “எந்த மாச வண்டிண்ணா?”ன்னு கேளுங்க. பழசா இருந்தா ரெண்டு வழி: புது வண்டி கேளுங்க, இல்லைன்னா விலையைக் குறைக்கச் சொல்லுங்க. ரெண்டுமே நியாயம்தான்.

எப்போ போறதுங்கிறதும் முக்கியம். ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னாடி ஷோரூம்ல நிக்க இடம் இருக்காது. அப்போ பேரம் பேசினா, ‘பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க தம்பி’ம்பாங்க. ஆனா நம்ம ஜனங்க ஆடியிலயும் மார்கழியிலயும் புது வண்டி எடுக்க யோசிப்பாங்க இல்லையா? அப்போதான் ஷோரூம் காத்து வாங்கும். உங்க வீட்டுல நாள் நட்சத்திரம் பார்க்கலைன்னா, அதுதான் உங்க நல்ல நேரம். மார்கழிக்கு இன்னொரு போனஸ்: வருஷக் கடைசி. தேதி ஜனவரிக்கு மாறினதும் அந்த வண்டிக்கு ஒரு வயசு கூடிடும். அது அவங்களுக்கும் தெரியும். மாசக் கடைசிக்கும் இதே லாஜிக்தான். டார்கெட் முடியாத சேல்ஸ்மேனுக்கு நீங்கதான் அன்னிக்கு தெய்வம்.

ஈ.எம்.ஐ. என்கிற இன்னொரு துண்டு

விலையில ஆயிரம் குறைச்சுட்டு, வட்டியில பத்தாயிரம் வாங்குற மேஜிக்கும் உண்டு. “மாசம் 2,889-தான் தம்பி. ஒரு நாளைக்கு நூறு ரூபாய்கூட வராது!” கேட்க இனிமையா இருக்கும். கணக்கு போடுவோம்.

கடன் 80,000 ரூபாய், 3 வருஷம், ‘ஃபிளாட்’ 10 சதவீதம். வருஷத்துக்கு 8,000 வீதம் வட்டி மட்டும் 24,000. மாசா மாசம் நீங்க அசலைக் கட்டிக் குறைச்சாலும், வட்டி மட்டும் முழு 80,000-க்கே ஓடிட்டிருக்கும். குறையும் அசல் முறையில பார்த்தா, இது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி! அதே 10 சதவீதத்தைக் குறையும் அசல் முறையில ஒரு பேங்க் கொடுத்தா தவணை சுமார் 2,581 ரூபாய். மாசம் 308 ரூபாய்தானே வித்தியாசம்னு தோணும். 36 மாசத்துக்குப் பெருக்குங்க. 11,000 ரூபாயைத் தாண்டும். ஷோரூம்ல நீங்க தொண்டை வறளப் பேசிக் குறைச்சதை விட இது பெருசு.

அதனால கேட்க வேண்டிய கேள்வி, ‘மாசம் எவ்வளவு?’ இல்லை. ‘ஃபிளாட்டா, குறையும் அசலா? மொத்தமா எவ்வளவு கட்டுவோம்?’ 2024 அக்டோபர் 1 முதல் புதுசாக் கொடுக்கிற சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர வட்டி விகிதத்தைக் காட்டுற விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்னாடியே தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அந்தத் தாளைக் கேளுங்க. வெறும் ஃபாரத்துல அப்பாகிட்ட கையெழுத்து வாங்க விடாதீங்க. அவர் படிக்கலைன்னா, நீங்க உரக்கப் படிச்சுக் காட்டுங்க. கூச்சப்பட வேண்டியது நீங்க இல்லை.

எழுந்து வரத் தெரியணும்!

சந்தையில அப்பா ரெண்டு தடவை எழுந்து போனாரே, அதுதான் பேரத்தோட உயிர். எழுந்து போகணும்னா போறதுக்கு இன்னொரு இடம் இருக்கணும். கள்ளக்குறிச்சியில ஒரு கொட்டேஷன் வாங்கினா, சின்னசேலத்துலயோ, உளுந்தூர்பேட்டையிலயோ, சேலத்துலயோ இன்னொண்ணு வாங்குங்க. ஆயுட்கால வரி தமிழ்நாடு முழுக்க ஒண்ணுதான். அதனால ரெண்டு காகிதத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், முழுக்க அந்த ‘அசையும்’ பிரிவோட வித்தியாசம்தான். ஒரு காகிதம் கெஞ்சும், ரெண்டு காகிதம் பேசும்!

பேசும்போது இப்படிப் பேசலாம்:

“அண்ணா, வண்டி பிடிச்சிருக்கு. இன்னிக்கே எடுக்கிற ஐடியாலதான் வந்திருக்கோம். ஆனா இந்த ஹேண்ட்லிங்கும், ஆக்சஸரீஸ் கிட்டும் வேண்டாம். அதை எடுத்துட்டு ஒரு பில் போடுங்க.”

“கிட் கம்பெனில இருந்தே வருது தம்பி, எடுக்க முடியாது.”

“அப்போ கம்பெனி விலைப் பட்டியல்ல இருக்குமேண்ணா, அதைக் காட்டுங்க. இல்லைன்னா பரவாயில்லை, மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வாங்க. நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்.”

அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அந்த டீ ரொம்ப முக்கியம். உண்மையிலேயே வெளியே போங்க. திரும்பி வரும்போது காகிதம் மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். கிராக்கி அதிகமா இருக்கிற மாடலுக்கு ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டாங்க, அதுவும் நிஜம். அப்போ பணத்துக்குப் பதிலா பொருளாக் கேளுங்க. ரெண்டாவது ஹெல்மெட், ஒரு சர்வீஸுக்கு லேபர் சார்ஜ் இல்லாம... இந்த மாதிரி. ஒப்புக்கிட்டதை பில்லிலேயோ கொட்டேஷனிலேயோ எழுதி வாங்குங்க. ‘நான் இருக்கேன் தம்பி, பார்த்துக்கலாம்’ங்கிற வாக்குறுதி, அவர் வேற கடைக்கு மாறினதும் கூடவே மாறிடும்.

ஒரு விஷயம். டை கட்டின அந்த அண்ணனும் நம்ம ஏரியாப் பையன்தான். போன வருஷம் டிகிரி முடிச்சிட்டு, மாச டார்கெட்டுக்கு ஓடிட்டிருப்பார். அவரை அவமானப்படுத்தி ஜெயிக்கிறது பேரம் இல்லை. பேசுறது காகிதத்தைப் பத்தி, அவரைப் பத்தி இல்லை.

முழுப் பணத்தையும் கட்டுறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்திப் பாருங்க. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் காகிதத்தோட ஒத்துப் போகுதா? கீறல் இருக்கா? தற்காலிகமாவோ நிரந்தரமாவோ பதிவு ஆகாத வண்டியை டீலர் டெலிவரி கொடுக்கக் கூடாது. அதனால ‘நம்பர் அப்புறம் வரும், நீங்க ஓட்டுங்க’ன்னு சொன்னா, மலை ஏறாதீங்க. கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க. ரசீது தர மறுக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்ச ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. 2019 நவம்பர்லயே கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிடுச்சு பாஸ், நாமளும் கொஞ்சம் கெத்தாக் கேட்கலாம்!

இவ்வளவு பண்ணி மிச்சம் என்ன? மூவாயிரமோ, ஐயாயிரமோ இருக்கலாம். ‘ஒரு லட்சத்துல அதெல்லாம் ஒரு காசா?’ன்னு ஃப்ரெண்டு கேட்பான். அது ஒரு செமஸ்டர் ஃபீஸா இருக்கலாம். அடுத்த வருஷ இன்ஷூரன்ஸா இருக்கலாம். பின்னாடி உட்கார்ற அம்மாவுக்கு ஒரு நல்ல ஹெல்மெட்டா இருக்கலாம். எத்தனை மூட்டை மரவள்ளின்னு அப்பாகிட்ட கேளுங்க, டக்குனு சொல்லிடுவார்.

காட்சி மூணு: அதே ஷோரூம். போறதுக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அப்பாவும் நீங்களும் அந்தக் கொட்டேஷனை வரி வரியாப் பிரிச்சிருக்கீங்க. அதனால இன்னிக்கு அவர் செருப்போட தயங்காம உள்ளே வர்றார். வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்ட் நடக்கிறார். டேங்கைத் தடவுறார். உதட்டைப் பிதுக்குறார். அப்புறம் டை கட்டினவரைப் பார்த்துக் கேட்கிறார்:

“வண்டி எல்லாம் சரிதான் தம்பி... இது எந்த மாசத்துல பொறந்தது?”

ஆரம்பிச்சாச்சு முக்கால் மணி நேரம்!